பென்டிரைவில் உள்ள கோப்பை மெமரி மேப் செய்வது: அடிக்கடி வரும் கேள்விகள்

கோப்பை மெமரி மேப் செய்வது என்றால், டிஸ்க்கில் இருக்கும் கோப்பை ராமில் இருப்பது போல முகவரி வழியாகத் தொடுவது. இதைப் பாடப்புத்தகங்கள் விளக்குகிற விதத்தில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: கோப்பு இருக்கும் டிஸ்க் எங்கேயும் போகாது. பென்டிரைவும் மெமரி கார்டும் அப்படியல்ல. யாராவது உருவலாம், மெதுவாக ஓடலாம், பாதியில் பிழை தரலாம். இது சம்பந்தமாகத் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். லினக்ஸ், விண்டோஸ் இரண்டையும் மனதில் வைத்து எழுதியது. மேக் வேறுபடும் இடத்தில் அதைச் சொல்லியிருக்கிறேன்.

மெமரி மேப் பண்ணினா முழு ஃபைலும் ராமுக்கு வந்துடுமா?

வராது. மேப் செய்யும்போது இயங்குதளம் உங்கள் புரோகிராமின் முகவரி வெளியில் ஒரு பகுதியை ஒதுக்கி, "இந்த முகவரிகள் இந்தக் கோப்பின் இந்தப் பகுதிக்கு உரியவை" என்று குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பென்டிரைவிலிருந்து ஒரு பைட்கூட இன்னும் படித்திருக்காது. லினக்ஸிலும் மேக்கிலும் இதற்கு எம்மேப் என்ற அழைப்பு. விண்டோஸில் கிரியேட்ஃபைல்மேப்பிங், மேப்வியூஆஃப்ஃபைல் என்று இரண்டு படி.

நீங்கள் அந்த முகவரி ஒன்றை முதன்முதலில் தொடும்போதுதான் வேலை தொடங்குகிறது. அங்கே இன்னும் எதுவும் இல்லை என்று பிராசசர் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குத் தகவல் தருகிறது. இதைத்தான் பேஜ் ஃபால்ட் என்கிறோம். கெர்னல் உங்கள் புரோகிராமை நிறுத்திவைத்து, பென்டிரைவிலிருந்து அந்தப் பக்கத்தைப் படித்து, ராமில் பேஜ் கேஷ் என்ற பொதுச் சேமிப்பில் போட்டு, உங்கள் முகவரியை அதோடு இணைத்துவிட்டு, புரோகிராமை மறுபடி ஓடவிடுகிறது. ஒரு பக்கம் என்பது சாதாரண பிசியில் 4 கிலோபைட், ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் 16 கிலோபைட்.

அப்போ பென்டிரைவில இருக்கிற ஃபிளாஷ் சிப்பையே ராம் மாதிரி நேரடியா படிக்குதா?

இல்லை. ஃபிளாஷ் "மெமரி" என்ற பெயரால் வரும் குழப்பம் இது. பென்டிரைவில் இருப்பது நாண்ட் வகை ஃபிளாஷ். அதைப் பக்கம் பக்கமாகத்தான் படிக்க முடியும், பெரிய பிளாக்குகளாகத்தான் அழிக்க முடியும். அதற்கு முன்னால் ஒரு கன்ட்ரோலர் சிப் உட்கார்ந்திருக்கிறது. கணினி யூஎஸ்பி வழியாக "இந்த எண்ணிலிருந்து இத்தனை செக்டர் கொடு" என்று ஸ்கசி என்ற டிஸ்க் நெறிமுறையில் கட்டளை அனுப்பும், கன்ட்ரோலர் எடுத்துக் கொடுக்கும். பிராசசருக்கு அந்தச் சிப்பின் முகவரி எதுவுமே தெரியாது.

நார் வகை ஃபிளாஷில் மட்டும், சில சின்னக் கருவிகளில், புரோகிராமை அங்கிருந்தே நேரடியாக ஓட்டுவது உண்டு. பெர்சிஸ்டன்ட் மெமரி (மின்சாரம் போனாலும் அழியாத ராம் போன்ற மெமரி) உள்ள சர்வர்களில் பேஜ் கேஷைத் தாண்டி நேரடியாக மேப் செய்யும் டாக்ஸ் என்ற வசதியும் லினக்ஸில் இருக்கிறது. யூஎஸ்பி பென்டிரைவுக்கு இரண்டும் பொருந்தாது. இங்கே நீங்கள் படிப்பது எப்போதும் ராமில் உள்ள நகலை.

சாதாரணமா ரீட் பண்றதைவிட மேப் பண்றது வேகமா?

முதல் தடவை படிக்கும்போது, இல்லை. இரண்டு வழியிலும் தரவு அதே யூஎஸ்பி வயரில்தான் வர வேண்டும். யூஎஸ்பி 2.0 என்றால் ஏட்டில் வினாடிக்கு 480 மெகாபிட். நடைமுறையில் 30, 40 மெகாபைட் கிடைத்தாலே நல்ல பென்டிரைவ். மேப் செய்வதால் மிச்சமாவது, பேஜ் கேஷிலிருந்து உங்கள் பஃபருக்கு ஒரு முறை நகலெடுக்கும் வேலை மட்டுமே. பென்டிரைவின் வேகத்துக்கு முன்னால் அது கணக்கிலேயே வராது. ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் படிக்கிற, அங்கங்கே தாவிப் படிக்கிற புரோகிராமுக்கு மேப் வசதியானது. கோப்பை ஒரு முறை முதலிலிருந்து கடைசிவரை படித்து முடிப்பதுதான் வேலை என்றால் சாதாரண ரீட் போதும், பல நேரம் அதுதான் வேகமும்.

இன்னொரு விஷயம், முன்கூட்டிப் படிப்பது. ஒரு பக்கம் கேட்டால் லினக்ஸ் பக்கத்தில் உள்ளதையும் சேர்த்து எடுத்துவரும். வழக்கமான அளவு 128 கிலோபைட். வரிசையாகப் படிப்பவருக்கு இது லாபம். கோப்பு முழுக்கத் தாறுமாறாகத் தாவுபவருக்கு நஷ்டம்: 4 கிலோபைட்டுக்காக 128 கிலோபைட் வயரில் வருகிறது. பழைய வகை யூஎஸ்பி ஸ்டோரேஜ் நெறிமுறை ஒரு நேரத்தில் ஒரே கட்டளையைத்தான் ஏற்கும் என்பதால் தேவையில்லாத படிப்பு முடியும்வரை தேவையானது காத்திருக்கும். எம்அட்வைஸ் அழைப்பில் "ரேண்டம்" என்று சொல்லிவைத்தால் கெர்னல் இந்த ஆர்வத்தைக் குறைத்துக்கொள்ளும்.

என்கிட்ட 8 ஜிபி ராம்தான். 20 ஜிபி ஃபைலை மேப் பண்ண முடியுமா?

64 பிட் கணினியில் தாராளமாக. ஒதுக்கப்படுவது முகவரிதான் என்று முதல் பதிலில் பார்த்தோம், அதற்குப் பஞ்சமில்லை. 32 பிட் புரோகிராமில் மொத்த முகவரி வெளியே 4 ஜிபிதான், விண்டோஸில் அதில் சாதாரணமாக 2 ஜிபிதான் உங்களுக்கு. அங்கே கோப்பைத் துண்டு துண்டாக மேப் செய்ய வேண்டும். அப்புறம், பென்டிரைவில் இருப்பது ஃபேட்32 கோப்பு முறைமை என்றால் 4 ஜிபியைத் தொடும் கோப்பையே அதில் வைக்க முடியாது; எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வேண்டும்.

ஆனால் மேப் ஆவது வேறு, ஓடுவது வேறு. ராம் நிறைந்ததும் கெர்னல் மாற்றப்படாத பக்கங்களைத் தூக்கி எறிந்துவிடும். அசல் கோப்பு இருக்கும்போது ஸ்வாப்பில் (ராம் போதாதபோது பயன்படும் டிஸ்க் இடம்) எழுதிவைக்க வேண்டிய அவசியம் இல்லையே. மறுபடி தேவைப்பட்டால் மறுபடி பென்டிரைவிலிருந்து படிக்கும். சிக்கல் அங்கேதான். லாமா.சிபிபி போன்ற மொழி மாடல் ஓட்டும் மென்பொருள் மாடல் கோப்பை வழக்கமாக மேப் செய்தே திறக்கிறது, ஒவ்வொரு சொல்துண்டுக்கும் கிட்டத்தட்ட மொத்த மாடலையும் ஒரு சுற்று படிக்கிறது. மாடல் ராமுக்குள் அடங்கினால் முதல் சுற்று மட்டும் மெதுவாக இருக்கும். அடங்காவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் பென்டிரைவையே கிட்டத்தட்ட முழுசாகப் படிக்க வேண்டும்: 20 ஜிபியை வினாடிக்கு 40 மெகாபைட்டில் படித்தால் ஒரு சுற்றுக்கே 8 நிமிடத்துக்கு மேல். "மாடல் தொங்கிவிட்டது" என்று சொல்பவர்களில் சிலருக்கு நடப்பது இதுதான்.

மேப் பண்ணின உடனே மெமரி உபயோகம் எகிறிடுதே, லீக்கா?

பெரும்பாலும் இல்லை. லினக்ஸின் டாப் கட்டளையில் "விர்ட்" என்ற எண் ஒதுக்கிய முகவரியைக் காட்டும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். "ரெஸ்" ராமில் இப்போது இருக்கும் பக்கங்களைக் காட்டும். அதிலும் கோப்பிலிருந்து வந்த, மாற்றப்படாத பக்கங்கள் வேறு யாராவது கேட்டால் உடனே விடுவிக்கப்படும்.

மேப் பண்ணின இடத்தில் எழுதினேன். பென்டிரைவுக்கு அது எப்போ போகும்?

முதலில், எப்படி மேப் செய்தீர்கள்? பிரைவேட்டாக என்றால் ஒருபோதும் போகாது. நீங்கள் தொட்ட பக்கத்துக்குத் தனி நகல் உருவாகி அது உங்கள் புரோகிராமோடு மறைந்துவிடும். ஷேர்டாக என்றால் போகும், கெர்னலுக்குத் தோன்றும்போது. லினக்ஸில் வழக்கமான அமைப்பில், மாற்றப்பட்ட பக்கங்களைத் தேடும் வேலை 5 வினாடிக்கு ஒரு முறை விழித்துக்கொள்ளும். 30 வினாடி பழசானவற்றை எழுத ஆரம்பிக்கும். மாற்றங்கள் அதிகம் குவிந்தால் அதற்கு முன்பே தொடங்கும். எந்த வரிசையில் எழுதும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. நீங்கள் கோப்பின் உள்ளடக்கத்தை முதலிலும் தலைப்பை அப்புறமும் மாற்றியிருக்கலாம். பென்டிரைவில் தலைப்பு முந்திக்கொள்ளலாம்.

இப்போதே எழுதியாக வேண்டும் என்றால் கேட்க வேண்டும். லினக்ஸில் எம்சிங்க் அழைப்பு, அதுவும் "சிங்க்" கொடியோடு (ஃபிளாக்). "அசிங்க்" கொடியோடு கூப்பிட்டால் இன்றைய லினக்ஸில் எதுவுமே நடப்பதில்லை. விண்டோஸில் ஃப்ளஷ்வியூஆஃப்ஃபைல் மட்டும் போதாது. அது எழுதச் சொல்லுமே தவிர, சாதனத்தில் முழுசாக இறங்கும்வரை நிற்காது. அதன்பின் ஃப்ளஷ்ஃபைல்பஃபர்ஸையும் கூப்பிட வேண்டும். மேக்கில் எஃப்சிங்க் சாதனத்தின் உள் கேஷ்வரை தள்ளிவிட்டு நிறுத்திக்கொள்ளும். அதையும் காலி செய்ய எஃப்_ஃபுல்எஃப்சிங்க் என்று தனியாக இருக்கிறது.

திரும்பிவரும் பிழை எண்ணைப் பார்க்காமல் விடாதீர்கள். எழுதுவது தோற்றால் லினக்ஸ் அதை ஒரு முறை சொல்லும். பல கோப்பு முறைமைகளில் அதன் பிறகு அந்தப் பக்கம் எழுதப்பட்டதாகவே கருதப்படும். இரண்டாவது முறை கூப்பிட்டு "வெற்றி" என்று வந்தால் தரவு பத்திரம் என்று அர்த்தமில்லை.

விண்டோஸில் குயிக் ரிமூவல்தானே இருக்கு, அப்படியே உருவிடலாமா?

விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து வெளியே செருகும் டிரைவுகளுக்கு அதுதான் இயல்பான அமைப்பு, சரி. சாதாரணமாகக் கோப்பைக் காப்பி செய்து முடித்தவருக்கு அது போதுமானது. ஆனால் மேப் வழியாக மாற்றும் புரோகிராம் ரைட் அழைப்பு எதையும் செய்வதே இல்லை. நேரடியாக ராமில் மாற்றுகிறது. அது ஃப்ளஷ் செய்யாமல் இருந்தால், மாற்றம் ராமில் காத்திருக்கும் காலம் ஒன்று எந்த அமைப்பிலும் உண்டு.

லினக்ஸில் டிரைவை "சிங்க்" என்று மவுன்ட் செய்வதும் (அதாவது கணினியோடு இணைப்பதும்) அப்படித்தான். அது ரைட் அழைப்புகளைக் கட்டுப்படுத்தும், மேப் வழி மாற்றங்களை அல்ல. அதோடு, ஃபிளாஷின் ஆயுளைக் குறைக்கும் என்று மவுன்ட் கட்டளையின் கையேடே எச்சரிக்கிறது. பாதுகாப்பும் இல்லை, தேய்மானம் வேறு. மேப்புக்காக அந்த அமைப்பைப் போடுவதில் பயனில்லை.

பாதி வேலையில் பென்டிரைவை உருவினா என்ன ஆகும்?

உருவிய நொடியில் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஏமாற்றுவதே இந்த இடம்தான். ராமில் ஏற்கெனவே வந்துவிட்ட பக்கங்களைப் புரோகிராம் நிம்மதியாகப் படித்துக்கொண்டே இருக்கும். திரையில் எல்லாம் சரியாகத் தெரியும். பிறகு இன்னும் ராமுக்கு வராத ஒரு பக்கத்தைத் தொடும். கெர்னல் டிரைவைத் தேடும், இருக்காது. ரீட் அழைப்பாக இருந்தால் பிழை எண் ஒன்றைத் திருப்பித் தந்திருக்கலாம். இங்கே நடந்தது வெறும் மாறி ஒன்றைப் படித்தது மட்டுமே. பிழையைத் திருப்பித் தர வழியே இல்லை. ஆகவே லினக்ஸும் மேக்கும் சிக்பஸ் என்ற சிக்னலை அனுப்பும். அதைக் கையாளாத புரோகிராம் "பஸ் எரர்" என்று செத்துப்போகும். விண்டோஸில் இன்-பேஜ் எரர் என்ற எக்செப்ஷன்.

எழுதிக்கொண்டிருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் புரோகிராம் சாகவே தேவையில்லை. பக்கம் ராமில் இருப்பதால் எழுதுவது வெற்றிபெறும். சிறிது நேரம் கழித்து கெர்னல் அதை டிரைவுக்குத் தள்ளப் பார்த்துத் தோற்கும். கெர்னல் பதிவில் "லாஸ்ட் அசிங்க் பேஜ் ரைட்" என்று ஒரு வரி விழும். நீங்கள் எம்சிங்க் கூப்பிடாவிட்டால் உங்கள் புரோகிராமுக்கு இது தெரியவே தெரியாது.

பென்டிரைவில் என்ன மிஞ்சும்? சில பக்கங்கள் புதுசு, சில பழசு. ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டிலும் ஜர்னல் (செய்யப்போகும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு) கிடையாது. அடுத்த முறை செருகும்போது "சரிபார்க்கவா" என்று விண்டோஸ் கேட்பது கோப்பு முறைமையின் கணக்கைச் சரிசெய்யத்தான். கோப்புக்குள் கலந்துகிடக்கும் பழசு புதுசை அது பிரிக்காது.

அந்த சிக்னலைப் பிடிச்சு சமாளிக்க முடியாதா?

முடியும், சுகமாக இருக்காது. சி மொழியில் சிக்பஸ் வந்தால் ஓட வேண்டிய ஹேண்ட்லர் ஒன்றை எழுதி, அதிலிருந்து பாதுகாப்பான இடத்துக்குத் தாவ வேண்டும். விண்டோஸில் மேப்பைத் தொடும் பகுதியைச் சுற்றி எக்செப்ஷன் தடுப்பு போட வேண்டும். ஜாவாவில் இன்டர்னல் எரர் வரும், அதுவும் தவறு நடந்த வரியைத் தாண்டி வந்து சேரலாம். லினக்ஸில் பைத்தான் என்றால் இன்டர்ப்ரட்டரே விழுந்துவிடும்.

எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் நூலகம் மேப் வசதியை இயல்பாக அணைத்து வைத்திருப்பதற்கு அதன் ஆவணம் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று: மேப்பில் வரும் ஐஓ பிழையை நூலகத்தால் பிடித்துக் கையாள முடியாது. என் யோசனை கேட்டால்: பென்டிரைவில் இருப்பதை உள் டிஸ்க்குக்குக் காப்பி செய்து அங்கே மேப் செய்யுங்கள். அது முடியாவிட்டால் சாதாரண ரீட், ரைட். ஹேண்ட்லர் எழுதுவது மூன்றாவது வழி.

தெரியாம கை பட்டு வந்துடுச்சு, உடனே திரும்பச் செருகிட்டேன். தொடருமா?

லினக்ஸில் தொடராது. மீண்டும் செருகிய டிரைவைக் கெர்னல் புதுச் சாதனமாகவே பார்க்கும். பழையது எஸ்டிபி என்றால் புதியது எஸ்டிசி என்று வந்து நிற்கும். உங்கள் மேப் இன்னமும் செத்துப்போன பழைய சாதனத்தோடுதான் கட்டுண்டிருக்கிறது. மற்ற இயங்குதளத்திலும் மேப்பை விட்டுவிட்டு, கோப்பைத் திரும்பத் திறந்து, புதிதாக மேப் செய்வதே நம்பகமான வழி.

ஃபைலை க்ளோஸ் பண்ணிட்டேன். ஆனாலும் எஜெக்ட் பண்ணினா "பிஸி"ன்னு சொல்லுதே?

கோப்பை மூடுவதும் மேப்பை விடுவதும் தனித்தனி வேலைகள். மேப் செய்த பின் கோப்பை மூடினாலும் மேப் உயிரோடு இருக்கும், கோப்பின் மேல் பிடியும் இருக்கும். லினக்ஸிலும் மேக்கிலும் எம்அன்மேப், விண்டோஸில் அன்மேப்வியூஆஃப்ஃபைலோடு மேப்பிங் ஹேண்டிலையும் மூடுவது, இவை நடந்தால்தான் டிரைவ் விடுபடும். ஜாவாவில் இது பழைய தலைவலி: மேப் செய்த பஃபரைக் குப்பை சேகரிப்பான் எடுக்கும்வரை மேப் நீடிக்கும். ஜாவா 22இல் நிலைபெற்ற மெமரி ஏபிஐயில் அரீனாவை மூடினால் அப்போதே விடுபடும்.

யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்க லினக்ஸில் எல்எஸ்ஓஎஃப் ஓட்டுங்கள். வழக்கமாகக் கோப்பு எண் வரும் பத்தியில் "மெம்" என்று இருந்தால் அது மேப். "சோம்பல்" அன்மவுன்ட் செய்து தப்பிக்கப் பார்க்காதீர்கள். அது டிரைவைப் பட்டியலிலிருந்து மறைக்கும், பிடி அப்படியே இருக்கும்.

எழுதினதும் செக்சம் பார்த்தேன், சரியா இருந்தது. வேற கணினியில் போட்டா கெட்டுப்போயிருக்கு. எப்படி?

செக்சம் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண். நீங்கள் சரிபார்த்தது ராமை. எழுதிய பக்கங்கள் பேஜ் கேஷிலேயே இருப்பதால், உடனே படித்தால் அங்கிருந்தே பதில் வரும். பென்டிரைவை யாரும் கேட்கவில்லை. கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலி பென்டிரைவுகள் முதல் சோதனையில் தப்பிப்பதும் இப்படித்தான். எஜெக்ட் செய்து, உருவி, மறுபடி செருகி, அப்புறம் செக்சம் பாருங்கள்.

அங்கங்கே சின்னச் சின்னதா மாத்தினா பென்டிரைவ் சீக்கிரம் போயிடுமா?

தேய்மானம் கூடும், ஆமாம். நீங்கள் ஒரு பைட் மாற்றினாலும் குறைந்தது ஒரு பக்கம் எழுதப்படும். உள்ளே ஃபிளாஷின் அழிப்பு பிளாக் பல மெகாபைட் இருக்கலாம். எளிய கன்ட்ரோலர் அந்த 4 கிலோபைட்டுக்காக சுற்றியுள்ள தரவையும் வேறு இடத்துக்கு நகர்த்த நேரிடும். கோப்பு முழுக்கச் சிதறிய மாற்றங்கள் ஆயுளையும் தின்னும், வேகத்தையும் தின்னும். ஒரே இடத்தில் ஆயிரம் முறை மாற்றினால் அவ்வளவு கவலையில்லை. இடையில் சிங்க் கேட்காவிட்டால் கெர்னல் அவற்றைச் சேர்த்து ஒரு சில முறையே எழுதும்.

புது ஃபைலை 1 ஜிபிக்கு நீட்டி மேப் பண்ணலாம்னு பார்த்தா, நீட்டுறதிலேயே நின்னுடுது. உள் டிஸ்க்கில் நொடியில் முடியுதே?

உள் டிஸ்க்கின் கோப்பு முறைமை வெற்றிடத்தை வெற்றிடம் என்றே குறித்துக்கொள்ளும். ஃபேட்32இல் அந்த வசதி இல்லை. கோப்பை நீட்டினால் லினக்ஸ் அந்த 1 ஜிபியையும் பூஜ்யங்களால் நிரப்ப வேண்டியிருக்கும். எரிச்சல்தான், ஆனால் ஒரு நன்மை உண்டு: இடம் போதாவிட்டால் அப்போதே தெரிந்துவிடும். வெற்றிடம் வைக்கும் கோப்பு முறைமையில், டிரைவ் நிறைந்த பிறகு மேப்பின் வெற்றிடத்தில் எழுதினால் அதே சிக்பஸ் வந்து நிற்கும்.

பென்டிரைவில் இருக்கிற லைப்ரரியை லோட் பண்ணினா அனுமதி இல்லைன்னு வருது. படிக்க மட்டும் முடியுது?

டிரைவ் "நோஎக்செக்" என்று மவுன்ட் ஆகியிருக்கும். அப்போது எக்சிக்யூட் உரிமையோடு மேப் செய்வதை லினக்ஸ் மறுக்கும். கோப்பின் அனுமதிகளை மாற்றிப் பயனில்லை.

ஒரு புரோகிராமையே பென்டிரைவிலிருந்து ஓட்டினா?

ஓடும் புரோகிராமும் ஒரு மேப் செய்த கோப்புதான். டிரைவை உருவினால், இதுவரை தொடாத ஒரு மெனுவை அழுத்தும்போது அந்தப் புரோகிராம் பகுதிக்கான பக்கம் கிடைக்காமல் விழும். விண்டோஸில் லிங்க் செய்யும்போதே "ஸ்வாப்ரன்" விருப்பம் கொடுத்தால், நீக்கக்கூடிய டிரைவிலிருந்து தொடங்கும் புரோகிராமை முழுசாக ஸ்வாப்புக்கு நகலெடுத்து ஓட்டும். இன்ஸ்டாலர் எழுதுபவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது.

போனை யூஎஸ்பியில் மாட்டி அதிலிருக்கிற ஃபைலை மேப் பண்ணலாமா?

இன்றைய ஆண்ட்ராய்டு போன்கள் எம்டிபி நெறிமுறையில் வருகின்றன. கணினிக்கு அங்கே செக்டர்கள் கொண்ட டிரைவ் எதுவும் தெரியாது, கோப்புகளின் பட்டியல்தான் தெரியும். காப்பி செய்துகொள்ளுங்கள்.

லேப்டாப்பை ஸ்லீப்பில் போட்டு எழுப்பினா மேப் என்ன ஆகும்?

ஸ்லீப்பில் யூஎஸ்பிக்கு மின்சாரம் தொடர்ந்தால் பிரச்சினை இல்லை. நின்றுபோனால், எழும்போது டிரைவ் புதிதாகச் செருகியது போலத் தோன்றும். மேலே சொன்ன உருவிய கதையாகிவிடும். இதற்காக லினக்ஸில் யூஎஸ்பி பெர்சிஸ்ட் என்ற வசதி உண்டு. எழுந்ததும் அதே போர்ட்டில் அதே அடையாளமும் சீரியல் எண்ணும் கொண்ட சாதனம் இருந்தால், பழையதே என்று எடுத்துக்கொண்டு மேப்பைத் தொடரவிடும்.

கார்டு ரீடரில் இது ஆபத்து. ரீடர் அதேதான், ஆனால் தூங்கும் நேரத்தில் உள்ளே இருந்த கார்டை யாராவது மாற்றியிருக்கலாம். கெர்னலுக்கு அது தெரியாமல் போனால், பழைய கார்டுக்கான மாற்றப்பட்ட பக்கங்களைப் புதுக் கார்டின் அதே செக்டர்களில் எழுதிவிடும். கெர்னல் ஆவணமே இதைப் பற்றிப் பலமாக எச்சரிக்கிறது. மேப்பில் எழுதிக்கொண்டிருக்கும் டிரைவை, மூடியை மூடுவதற்கு முன் அன்மவுன்ட் செய்துவிடுங்கள்.